தில்லியில் கோமகட்டா மாரு கோப்புகளைத் தேடும் முறை

சொந்த நாட்டிலிருந்து வழியில் எங்கும் நிற்காமல் நேரே வந்தால்தான் அனுமதி என்று 1908-இல் கனடா விதி போட்டது. இந்தியர்களைத் தடுக்கத்தான் அது, பெயர் சொல்லவில்லை, அவ்வளவே. அந்த விதியில் சிக்கிய கோமகட்டா மாரு என்ற கப்பல், 376 இந்தியப் பயணிகளோடு 1914 மே 23-இல் கனடாவின் வான்கூவர் துறைமுகத்தை அடைந்தது. ஜூலை 23-இல் திருப்பி அனுப்பப்பட்டது. செப்டம்பர் 29-இல் கல்கத்தா அருகே பஜ்பஜ்ஜில், திரும்பி வந்த பயணிகள் மீது துப்பாக்கிச்சூடு.

இதன் கோப்புகள் ஜன்பத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கிளம்புமுன், வீட்டிலேயே காப்பகத்தின் 'அபிலேக் படல்' இணையதளத்தில் தேடுங்கள். ஆங்கிலத்தில்தான் தேட வேண்டும். கப்பல் பெயரைப் பல எழுத்துக்கூட்டலில் போடுங்கள். கப்பலை வாடகைக்கு எடுத்த குர்தித் சிங்கின் பெயரிலும், பஜ்பஜ் என்றும் தேடுங்கள்.

துறை, கிளை, மாதத்தோடு ஆண்டு, எண் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று விடுபட்டாலும், காப்பகத்தில் கோப்பு கேட்டு நீங்கள் கொடுக்கும் கோரிக்கைச் சீட்டு திரும்பிவிடும்.

பலர் உள்துறை அரசியல் கிளையோடு நின்றுவிடுகிறார்கள். அதில் போலீஸ் பார்வைதான் கிடைக்கும். குடியேற்ற விவகாரத்துக்கு வணிகம், தொழில் துறையின் குடிபெயர்வுக் கிளையைப் பாருங்கள். ஜூலைச் சம்பவம் ஜூலைக் கோப்பில் இருக்கும் என்று நம்பாதீர்கள். நடவடிக்கை முடிந்த மாதத்தில் சேர்த்திருப்பார்கள். ஆகவே 1915 வரை தேடுங்கள்.

சீட்டில் 'என்.டி.' (NT) என்று எழுதி வந்தால் கோப்பு காப்பகத்துக்கே வரவில்லை என்று பொருள். மறுபடி கேட்டுப் பயனில்லை. வேறு துறையில் நகல் இருக்கிறதா என்று பாருங்கள்.