வெயிலும் என் இடது காலும்

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் மத்தியானம் பசாருக்கு, அதாவது சந்தைக்கு, போய்த் திரும்பினால் என் இடது கால் தரையைத் தேய்க்கும், கண்ணில் புகை படர்ந்த மாதிரி இருக்கும். ஈப்போவில் எம்ஆர்ஐ எடுத்து, மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்று சொல்லி 4 வருடமாகிறது. நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அரிக்கிற நோய். தோட்டத்தில் (எஸ்டேட்டில்) "நரம்புத் தளர்ச்சி" என்பார்கள், சரி, இருக்கட்டும்.

ஆளுக்கொரு வைத்தியம். பக்கத்து வீட்டு அண்ணன் தேனீக் கொட்டு என்றார். 2005இல் வெளியான நெதர்லாந்துச் சோதனையில் 26 பேருக்குக் கொடுத்துப் பார்த்தும் பலனில்லை, விட்டுவிட்டேன். இந்த நோய்க்கு டாக்டர் கொடுக்கும் ஊசியை நிறுத்திவிட்டு லேகியம் சாப்பிடு என்றவரிடம்தான் கோபம் வந்தது.

பெரியம்மாவின் தைலம் பிடித்திருந்தது, ஆனால் அதன்பின் வெந்நீர்க் குளியல் என்றால் அன்றைக்கு எழவே முடியாது. உடம்பு சூடேறினால் உறை போன நரம்பில் செய்தி தடைபடுமாம், குளிர்ந்ததும் சரியாகிவிடும், அது நோயின் புது அட்டாக் இல்லை. அப்புறம் பசாருக்குக் காலை 7 மணிக்கே போக ஆரம்பித்தேன், ஈரத்துண்டை ஐஸ்பெட்டியில் வைத்துக் கழுத்தில் சுற்றிக்கொள்கிறேன், தைலத்துக்குப் பிறகு பச்சைத்தண்ணீர்தான். பெரியம்மா "சளி பிடிக்கும்டி" என்று திட்டிக்கொண்டே ஊற்றுகிறார்.