நியூஜெர்சி துப்பாக்கி அனுமதி: மூன்று வாரம் நின்ற இடம்

நியூஜெர்சியில் கைத்துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்லும் அனுமதிக்கு விண்ணப்பித்தேன். முன்பு அதற்குத் ‘தக்க தேவை’ இருப்பதாக நிரூபிக்க வேண்டும். 2022 ஜூனில் வந்த அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அது இல்லை. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் வந்த சட்டப்படி, உறவினர் அல்லாத நான்கு பேர் நம் நடத்தையைப் பற்றிச் சான்று சொல்ல வேண்டும்.

கைரேகை, பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் கொடுத்தும் மூன்று வாரம் விண்ணப்பம் அசையவில்லை. கைரேகை ரசீது எண்ணைச் சரிபார்த்தேன், சரிதான். சான்றிதழை மறுபடி ஸ்கேன் செய்து அனுப்பினேன், பயனில்லை. ஊர்க் காவல் நிலையத்துக்குப் போன் செய்தபோதுதான், நால்வரில் ஒருவர் பதில் தரவில்லை என்று தெரிந்தது.

அந்த ஒருவர் என் நண்பர். அவரைக் கேட்டால், பதில் கேட்டு மெயிலே வரவில்லை என்றார். அவர் வீட்டுக்கே போய் ஸ்பாம் பெட்டியைத் திறந்தோம். அங்கே இருந்தது! அனுப்பியவர் இடத்தில் என் பெயர் இல்லை. பழக்கமில்லாத ஓர் அரசு முகவரி. விளம்பரம் என்றே யாருக்கும் தோன்றும். உள்ளே கேள்விப் படிவத்தின் இணைப்பு. உட்கார்ந்த இடத்திலேயே நிரப்பி அனுப்பினார். மறுநாளே விண்ணப்பம் நகர்ந்தது. அப்பாடா என்றிருந்தது.

விண்ணப்பிக்கும் அன்றே நால்வரையும் போனில் கூப்பிட்டு, ஸ்பாம் பெட்டியையும் பார்க்கச் சொல்லுங்கள்.