மயோர்க்காவுக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? பறவை பார்க்கத் தொடங்குவது இப்படி

ஈஸ்டர் விடுமுறைக்கு மயோர்க்கா போகிறோம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, பைனாகுலர் இருக்கிறதா என்றுதான். ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்த பறவைகள் சகாராவைத் தாண்டி, அப்புறம் கடலையும் தாண்டி, வடக்கே போகிற வழியில் களைத்துப்போய் இறங்கும் ஸ்பெயின் நாட்டுத் தீவு அது. ஏப்ரல் கடைசியும் மே முதல் வாரமும்தான் உச்சம். பறவைகளைப் பற்றி ஒன்றும் தெரியாதே என்று தயங்க வேண்டாம், முதல்முறை போகிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: பைனாகுலரை வீட்டிலேயே பழகுங்கள்

கடையில் 8x42 என்று கேளுங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, 42 என்பது முன்பக்கக் கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். 10 மடங்கு இன்னும் நல்லது என்று தோன்றும், ஆனால் கை நடுங்கினால் அந்த நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும், அதனால் புதியவர்களுக்கு 8 போதும். பிள்ளைகளுக்கு எடை குறைந்த 8x30 வாங்கினால் கழுத்து வலிக்காது.

வாங்கியதும் இதைச் செய்யுங்கள். வலது கண்ணை மூடிக்கொண்டு நடுச்சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு, சக்கரத்தைத் தொடாமல், வலது கண்பக்கம் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்புங்கள். கண்ணாடி போடுபவர்கள் கண் வைக்கும் ரப்பரை உள்ளே தள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் பாதி வட்டம்தான் தெரியும்.

இன்னொரு பழக்கம் இதைவிட முக்கியம். பறவையைக் கண்டதும் குனிந்து பைனாகுலரைத் தேடாதீர்கள். கண் பறவைமேலேயே இருக்கட்டும், பைனாகுலர் கண்ணுக்கு வரட்டும். பால்கனியிலிருந்து புறாக்களை வைத்து ஒரு வாரம் பழகினால் கைக்கு வந்துவிடும். பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலி இலவசம்தான், போகிற இடத்துக்கான பறவைத் தொகுப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வையுங்கள்.

படி 2: தெரிந்த பறவைகளிலிருந்து தொடங்குங்கள்

ஐரோப்பியப் பறவை நூலைப் புரட்டினால் மலைப்பாகத்தான் இருக்கும், ஒரே பழுப்பு நிறத்தில் நாற்பது குருவிகள். அதை மூடி வைத்துவிடுங்கள். நம் ஊர் ஏரிக்கரையில் நாம் பார்த்து வளர்ந்தவையே அங்கேயும் நிறைய இருக்கின்றன. சிவந்த குச்சிக்கால்களில் நிற்கும் நெடுங்கால் உள்ளான், குதிரைகளின் காலடியில் பூச்சி பொறுக்கும் உண்ணிக்கொக்கு, அந்தி சாயும்போது 'குவாக்' என்று கத்திக்கொண்டு போகும் வக்கா, தலையில் விசிறி வைத்த கொண்டலாத்தி. கொண்டலாத்தி ஹோட்டல் புல்வெளிக்கே வரும். நாணலுக்குள் சிவந்த அலகோடு நடமாடும் நீலத் தாழைக்கோழி நம்மூர் நீலத் தாழைக்கோழிக்கு நெருங்கிய உறவு. இது வேட்டையால் தீவில் அற்றுப்போய், 1991இல் திரும்பக் கொண்டுவந்து விடப்பட்டது. இந்த ஐந்தையும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள். முதல் நாளே ஒன்றைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டிவிட்டால் மறுநாள் அவர்களே உங்களை எழுப்புவார்கள்.

படி 3: அல்புஃபேராவுக்கு ஒரு முழுக் காலை

தீவின் வடகிழக்கில், அல்கூடியாவுக்குத் தெற்கே இருக்கும் பெரிய சதுப்புநிலம் இது, 1988இலிருந்து இயற்கைப் பூங்கா. 19ஆம் நூற்றாண்டில் ஓர் ஆங்கிலேய நிறுவனம் கால்வாய் வெட்டி, நீரை வடித்து, இதை வயலாக்கப் பார்த்தது, முடியவில்லை. நுழைவாயில் பாலத்துக்கு இன்னும் ஆங்கிலேயர் பாலம் என்றுதான் பெயர்.

கார் உள்ளே போகாது. கால்வாயோரம் ஒரு கிலோமீட்டர் போல நடந்தால் சா ரோக்கா வரவேற்பு நிலையம், அங்கே இலவசமாக அனுமதிச்சீட்டும் வரைபடமும் வாங்கிக்கொள்ளுங்கள். முதல்முறை போனபோது நாங்கள் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கிளம்பி, தண்ணீர் பாட்டில்கூட இல்லாமல் போய், பிள்ளைகள் வெயிலில் அழ, எதையும் பார்க்காமல் திரும்பினோம். உள்ளே கடை கிடையாது. தண்ணீர், தொப்பி, கொறிக்க ஏதாவது, மூன்றும் பையில் இருக்கட்டும். காலையில் பூங்கா திறந்ததுமே உள்ளே போய்விடுங்கள்.

இப்போது நான் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம்: மறைந்திருந்து பறவை பார்க்கக் கட்டியிருக்கும் எல்லா மரக்குடில்களையும் சுற்றி வர நினைக்காதீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வெயில் முதுகுப்பக்கம் விழுகிறதா என்று பார்த்து, உட்கார்ந்துவிடுங்கள். முதல் பத்து நிமிஷம் வெறும் தண்ணீர்தான் தெரியும். அப்புறம் நாணல் ஓரம் அசையும், தாழைக்கோழி தலையை நீட்டும், தூரத்தில் தாழப் பறக்கும் பூனைப்பருந்தைக் கண்டு எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பும். நடந்துகொண்டே இருப்பவர்களுக்கு இது கிடைப்பதே இல்லை. ஒரு பிள்ளையைக் 'காது' ஆக்கிவிடுங்கள், கேட்பது மட்டும்தான் அதன் வேலை. புதரிலிருந்து திடீரென்று வெடிப்பது போல ஒரு பாட்டு வந்தால் அது செட்டி கதிர்க்குருவி, எல்லோரும் கேட்பார்கள், கண்ணில் படுவது அரிது.

மேலேயும் பாருங்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து எலியனோரா வல்லூறுகள் மடகாஸ்கரிலிருந்து வந்து சேர்ந்து, சதுப்புநிலத்துக்கு மேலே தும்பிகளைப் பிடித்துப் பறந்தபடியே தின்னும். மற்ற பறவைகள் வசந்தத்தில் கூடு கட்ட, இது கோடையின் பிற்பகுதிவரை காத்திருந்து முட்டையிட்டு, இலையுதிர்காலத்தில் தெற்கே திரும்பும் சிறு பறவைகளைப் பிடித்துத் தன் குஞ்சுகளுக்குக் கொடுக்கும். 14ஆம் நூற்றாண்டில் சர்தீனியாவில் வல்லூறுகளுக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்த எலியனோரா என்ற அரசியின் பெயர்தான் இதற்கு.

ஒரு வேண்டுகோள். நெடுங்கால் உள்ளான் தரையில் கூடு வைக்கும். அது தலைக்குமேல் கத்திக்கொண்டே சுற்றினால் முட்டையோ குஞ்சோ பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம், படம் எடுக்கக்கூட நிற்காமல் வந்த வழியே திரும்புங்கள். செயலியில் இருக்கும் பறவைக் குரலைச் சத்தமாகப் போட்டு அவற்றை வரவழைப்பதும் வேண்டாம்.

படி 4: இன்னொரு நாள் மலைக்கு

சிறு பிள்ளைகள் என்றால் தீவின் வடக்கே இருக்கும் போர்ட் தெ பொயென்சா ஊரிலிருந்தே தொடங்கும் போக்கேர் பள்ளத்தாக்கு, ஒரு மணி நேர நடை, முடிவில் கூழாங்கல் கடற்கரை. விடியற்காலையில் போங்கள். இரவில் வந்திறங்கிய சிறு பறவைகள் புதர்களில் இரை தேடும் நேரம் அது, முந்தின இரவு மழையோ எதிர்காற்றோ அடித்திருந்தால் இன்னும் அதிகம் இருக்கும். நடக்கக்கூடிய பிள்ளைகள் என்றால் மலைகளுக்கு நடுவே இருக்கும் கூபேர் நீர்த்தேக்கம், அங்கே வானத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள், கரும்பிணந்தின்னிக் கழுகு வரும். இறக்கையை விரித்தால் இரண்டரை மீட்டருக்கு மேல். 1980களில் தீவில் இருபது போலத்தான் மிஞ்சியிருந்தன, பாடுபட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

படி 5: அன்றன்றைக்கே எழுதுங்கள்

தேதி, இடம், நேரம், பறவை, எத்தனை. பெயர் தெரியாவிட்டால் அளவு, அலகின் நீளம், கால் நிறம், என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதினால் போதும், இரவில் ஆற அமர உட்கார்ந்து தேடலாம். எங்கள் நோட்டில் மகள் வரைந்த கொண்டலாத்திக்கு விசிறி உடம்பைவிடப் பெரிது. கடைசி நாள் மாலை, பெட்டியெல்லாம் கட்டிய பிறகு, நோட்டோடு ஹோட்டல் மாடத்துக்குப் போங்கள், உழவாரன்கள் கூரைகளுக்கு மேலே கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றும், இருட்டும்வரை எண்ணலாம்.