ஏரிக்கரையில் நல்லெண்ணத்தோடு செய்கிற தவறுகள்

ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் வெளியேறக் கரையில் கட்டியிருக்கும் கல் தடுப்பான கலிங்கல் வழியத் தொடங்கினால் எங்கள் ஊரில் தேங்காய் உடைப்பார்கள். கற்பூரம் அணைவதற்குள் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார்: "இவ்ளோ தண்ணி வீணா போவுதே, ரெண்டு வரிசை மணல் மூட்டை அடுக்கினா என்ன?" மண்கரையை உடைக்கிற யோசனைகளில் முதலிடம் இதற்குத்தான்.

வடக்கே ஏரி, தெற்கே குளம், கண்மாய் என்று பெயர் மாறினாலும் எல்லாமே சிறு மண் அணைகள்தான். தமிழ்நாட்டில் இவை ஏறக்குறைய 39,000 இருக்கின்றன. பாசனத்துக்கென்று கட்டியவை என்றாலும், ஐப்பசி, கார்த்திகையில் மேட்டிலிருந்து ஓடிவரும் வெள்ளத்தைப் பிடித்து வைத்து, கீழே இருக்கும் ஊருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற வேலையையும் இவைதான் செய்கின்றன. அந்த வேலை நடக்க இரண்டு விஷயம் வேண்டும்: ஏரியில் காலி இடம், மிச்சத் தண்ணீர் போகக் கலிங்கல். மணல் மூட்டை இரண்டையும் ஒரே அடியில் கெடுத்துவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு. கலிங்கலின் தலைக்கு மேல் 60 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் வழியலாம் என்று வைத்து அதைக் கட்டியிருக்கிறார்கள் என்போம். நாம் 30 செ.மீ.க்கு மூட்டை அடுக்குகிறோம். ஏரி அதே மட்டத்துக்கு ஏறும்போது வழிகிற உயரம் பாதியாகிவிடுகிறது. ஆனால் வெளியேறும் தண்ணீர் பாதியாக இருக்காது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் போகும். வரத்து மட்டும் குறையாமல் வந்துகொண்டே இருக்கும். போக வழியில்லாத தண்ணீர் கரைமேல் ஏறும். கலிங்கல் கருங்கல், வழிந்தாலும் தாங்கும். கரை மண். வெளிச்சரிவில் ஒரு சாண் அகலத்துக்குக் கோடு விழுந்தால் போதும், சீக்கிரமே லாரி நுழைகிற வாயாகிவிடும்.

இதற்காகக் கலிங்கலை அடைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. மழைக்காலம் முடிகிற தறுவாயில், கலிங்கல்மேல் நட்டிருக்கும் கற்களுக்கு நடுவே அடைத்துக் கூடுதலாகக் கொஞ்சம் தேக்கிக்கொள்வது பழைய வழக்கம்தான். ஐப்பசியில் அதைச் செய்வதுதான் ஆபத்து. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் வரிசையாகக் குளங்கள் உடைந்ததே, அப்படியொரு மழை சொல்லிவிட்டு வருவதில்லை. அதிலும் ஒன்றின் மறுகால், அதாவது அதிலிருந்து வழியும் தண்ணீர், அடுத்ததற்கு வரத்து என்று சங்கிலியாக இருக்கும் இடத்தில், மேல் குளம் உடைந்தால் அந்த மொத்தத் தண்ணீரும் கீழ்க் குளத்தின் கரையில்தான் வந்து மோதும். கலிங்கல் நன்றாக இருந்தும் அதற்குக் கீழே போகும் ஓடையில் வீடு கட்டியிருந்தால் கதை அதேதான்.

"கசியுதா? களிமண்ணைப் போட்டு அடை"

இந்தத் தவற்றை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கல்லூரியில் படித்த காலம். கரையின் வெளிப்பக்க அடிவாரத்தில் மணிக்கட்டுப் பருமனுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. என் மாமா முன்னால் நின்று, களிமண்ணை உருட்டி வைத்து, அதன்மேல் சாக்கைப் போட்டு, நாலு பேரை மிதிக்கச் சொன்னார். நின்றுவிட்டது. எல்லோருக்கும் டீ வந்தது. அரை மணி நேரம் கழித்துப் பத்தடி தள்ளி, தொடைப் பருமனில், செம்மண் நிறத்தில் பீறிட்டது. ஏரித் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிடும் வயதான நீர்க்கட்டி ஒருவர் வந்து, "தண்ணி போவட்டும் மாமா, மண்ணுதான் போவக் கூடாது" என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் பிரிக்கச் சொன்னார்.

அவர் சொன்னதற்குப் பின்னால் இருப்பது இதுதான். எல்லா மண்கரையும் கொஞ்சம் கசியும். தெளிவாகக் கசிகிற தண்ணீர் கரையைக் கொல்லாது. மண்ணைத் தூக்கிக்கொண்டு வரும் தண்ணீர்தான் உள்ளே குடைகிறது என்று அர்த்தம். குடைவு வெளிப்பக்கத்தில் ஆரம்பித்து உள்நோக்கி நீளும். ஏரித் தண்ணீரைத் தொட்டுவிட்டால் அப்புறம் நிறுத்த முடியாது. வாயை மட்டும் அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி, வேறு பலவீனமான இடத்தைத் தேடிப் போகிறது. தெளிவா கலங்கலா என்று டார்ச் வெளிச்சத்தில் குழம்ப வேண்டாம். ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் மண் படிந்தால் விஷயம் தீவிரம்.

செய்ய வேண்டியது வேறு. கசியும் இடத்தின் மேல் முதலில் மணல், அதன்மேல் ஜல்லி, அதன்மேல் கல் என்று போட வேண்டும். தண்ணீர் வடிந்து வரும், மண் வராது. குமிழியிட்டுக் கொப்பளிக்கும் ஊற்றாக இருந்தால் அதைச் சுற்றி மணல் மூட்டையால் கிணறு மாதிரி கட்டி, தண்ணீரை உள்ளேயே கொஞ்சம் உயர விட்டால் வேகம் குறையும். மண்ணை இழுப்பது நின்றதும் போதும், முழுக்க நிறுத்த வேண்டியதில்லை. அடைப்பதாக இருந்தால் தண்ணீர் நுழைகிற உள்பக்கத்தில்தான் அடைக்க வேண்டும். அங்கே சின்னச் சுழி தெரிகிறதா என்று பாருங்கள், தார்ப்பாயும் மூட்டையும் அங்கேதான் உதவும். ஆனால் ஓடும் தண்ணீருக்கு எதிரே ஆள் இறங்கக் கூடாது.

2019 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே என்ற சின்ன மண் அணை இரவில் உடைந்து பலர் இறந்தார்கள். நண்டுகள் துளைத்ததுதான் காரணம் என்று ஓர் அமைச்சர் சொல்லப்போய், அது நாடு முழுக்கக் கேலிக்கு ஆளானது. நண்டு வளையும் எலி வளையும் கரைக்குக் கெடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் அணை கசிகிறது என்று ஊர்க்காரர்கள் முன்பே சொல்லியிருந்ததாக அப்போது செய்தி வந்தது. நண்டின் மேல் பழி போடுவது சுலபம்.

"ஜேசிபி வெச்சு மண்ணு ஏத்திட்டோம்"

தூர் வாரிய வண்டலை அப்படியே கரைமேல் கொட்டி, வாளியின் முதுகால் நாலு தட்டுத் தட்டி, "கரையைப் பலப்படுத்திவிட்டோம்" என்று போர்டு வைக்கிறார்கள். கரை உயர்ந்த மாதிரி தெரியும், முதல் மழையில் பிட்டு மாதிரி உதிரும். அந்த மண்ணைப் போட்டதைவிட மிதிக்காமல் விட்டதுதான் பெரிய தப்பு. பழைய கரையின் புல், வேரைச் செதுக்கி, சரிவில் படி வெட்டி, அரை அடி அரை அடியாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு அடுக்கையும் ரோலரால் அழுத்த வேண்டும். ஈரம் சரியா என்று கையிலேயே பார்க்கலாம்: கொழுக்கட்டை பிடிக்கிற மாதிரி பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலில் ஒட்டிப் பிசுபிசுக்கக் கூடாது. மண் எடுக்கும் பள்ளமும் கரையை ஒட்டி இருக்கக் கூடாது. கரைக்கு அடியில் தண்ணீர் புகாமல் தடுப்பது பெரும்பாலும் ஏரியின் தரையில் படிந்த களிமண்தான். அதைத் தோண்டினால் தண்ணீருக்குச் சுரங்கம் வெட்டிக் கொடுத்ததாகிவிடும்.

மரத்தைப் பற்றி என்னோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு. கரையில் நிழல் வேண்டும் என்று வேம்பும் புங்கமும் நடுகிறார்கள். மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, கரைக்குள் குழாய் போட்ட மாதிரி ஓட்டை மிஞ்சும். புயலில் சாய்ந்தால் வேரோடு ஒரு வண்டி மண்ணையும் பெயர்த்துக்கொண்டு போகும். கரைச் சரிவுக்கு அருகம்புல்லே போதும். மரத்தைக் கரையை விட்டுத் தள்ளி நடுங்கள். சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்குகிறவர்கள், குழியை மறுபடி அடுக்கடுக்காக இடித்து நிரப்பாமல் போனால் முள்ளே இருந்திருக்கலாம்.

மோட்டாருக்காகக் கரையைக் குறுக்கே வெட்டி பிவிசி பைப் புதைப்பது இன்னொன்று. பைப்பை ஒட்டி மண் சரியாக இறுகாது, தண்ணீர் அந்த வழியாகவே நூல் பிடித்துப் போகும். மதகுச் சுவரை ஒட்டியும் இதே பலவீனம் உண்டு, கசிவு தேடும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் மதகைச் சுற்றித்தான். கோடையில் வெடித்த கரையும் அப்படித்தான்: விரல் நுழைகிற வெடிப்பைப் புரட்டாசிக்குள் தோண்டி மூடவில்லை என்றால், வறட்சிக்குப் பிறகு வரும் முதல் நிரப்பிலேயே தண்ணீர் அதற்குள் இறங்கும்.

"கரை எவ்வளவு உசரம் பார்த்தியா!"

கரையின் உயரம் என்பது அதன் மிகத் தாழ்ந்த இடத்தின் உயரம்தான். டிராக்டர் ஏறி இறங்கிய தடம், மாடு தண்ணீருக்கு இறங்கும் துறை, கோயிலுக்குப் போகும் குறுக்கு வழி, இங்கெல்லாம் கரை அரை அடி, ஒரு அடி அமர்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. மட்டம் பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப்பை எடுத்துக்கொண்டு இரண்டு பேர் ஒரு காலைப் பொழுது நடந்தால் மொத்தக் கரையின் பள்ளமும் தெரிந்துவிடும். இருக்கிற மணல் மூட்டைகளைக் கலிங்கலுக்குக் கொண்டுபோகாமல் அந்தப் பள்ளங்களில் அடுக்குங்கள்.

உத்திரமேரூர்க் கல்வெட்டில் பராந்தகச் சோழன் காலத்திலேயே, 919, 921 வாக்கில், ஏரி வாரியம் என்று தனிக் குழு இருந்ததைப் பள்ளிக்கூடத்தில் பெருமையாகப் படிக்கிறோம். இன்று மழை ராத்திரியில் கரை காவலுக்கு ஆள் கேட்டால் வாட்ஸாப்பில் கட்டைவிரல் மட்டும் வருகிறது. வருகிற ஒன்றிரண்டு பேரும் கரைமேல் பைக்கில் போய்த் தண்ணீரை வீடியோ எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது வெளிப்பக்க அடிவாரத்தை. செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடந்தால், நேற்று கெட்டியாக இருந்த இடம் இன்று சொதசொதவென்று இருப்பது காலுக்கே தெரியும். அங்கே ஒரு குச்சியை நட்டு வையுங்கள், காலையில் ஈரம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்கலாம்.

மணலையும் ஜல்லியையும் காலிச் சாக்கையும் மழைக்கு முன்பே கரையோரம் இரண்டு மூன்று இடத்தில் குவித்துவிட வேண்டும். கரை நனைந்த பிறகு லாரி ஏறாது, ஏற்றவும் கூடாது.