பழைய பீரோவில் பீடி நெடியா? சாம்பிராணியை எடுக்காதீர்கள்

நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரை, மண்டபம் பக்கம் வீடு காலி செய்பவர்களிடம் பழைய பீரோ, மேசை, சூட்கேஸ் எல்லாம் மலிவாகக் கிடைக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்த பிறகுதான் தெரியும், முன்பு வைத்திருந்தவர் எவ்வளவு பீடி குடித்தார் என்று.

உடனே சாம்பிராணி போடுவார்கள், இல்லையென்றால் அத்தர் தடவுவார்கள். இரண்டுமே வீண். புகையிலையின் தாரும் நிக்கோடினும் பிசுபிசுப்பாகப் பொருள்மேல் படிந்து, மாதக்கணக்கில் நெடியை விட்டுக்கொண்டிருக்கும். அதன்மேல் சாம்பிராணி போட்டால் புகைமேல் புகைதான். சந்தேகமிருந்தால் வெள்ளைத் துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, இழுப்பறையின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். துணி டிகாஷன் நிறத்தில் வந்தால் ஆள் அதுதான். தவழும் குழந்தை இருக்கும் வீடென்றால் இன்னும் கவனம் வேண்டும். அந்தப் பிசுக்கு கையில் ஒட்டி வாய்க்குப் போகும்.

“வெயில்ல போட்டா போயிரும்” என்பது பாதி உண்மை. முதலில் துடைக்க வேண்டும், அப்புறம்தான் வெயில். துடைப்பதிலும் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்புக்கட்டி நுரைக்காது, வெள்ளையாகத் திரிந்து பொருளிலேயே படியும். சலவைத்தூள் பரவாயில்லை. கடைசி அலசலை மட்டும் குழாயில் காவிரித் தண்ணீர் வரும் நாளில் வைத்துக்கொள்ளுங்கள். துணியையோ சூட்கேஸையோ இரவு மொட்டைமாடியில் விட்டுவிடக் கூடாது. கடற்காற்றின் உப்பு படிந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறினால் அடங்கியிருந்த நெடி மறுபடி கிளம்பும். இந்த வேலைக்குப் பங்குனி, சித்திரைதான் சரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடங்கினால் பொருள் காயவே காயாது.

மரச்சாமானில் தண்ணீரை ஊற்றாதீர்கள், பின்பக்க பிளைவுட் உப்பிவிடும். பிழிந்த துணி போதும். துடைக்காமல் பெயின்ட் அடிப்பதும் தவறுதான். மஞ்சள் கறை புதுப் பெயின்டைத் தாண்டி வெளியே வரும்.

நிக்கோடின் காரத்தன்மை உள்ளது என்பதால், தண்ணீர் கலந்த வினிகர் துணிகளுக்கு நன்றாக வேலை செய்யும். பெயின்ட் உரிந்த இரும்பு பீரோவில் மட்டும் வேண்டாம், உப்புக் காற்று ஏற்கெனவே அதைத் தின்றுகொண்டிருக்கிறது. எந்தக் காரணத்துக்காகவும் வினிகரையோ கழிப்பறை ஆசிட்டையோ பிளீச்சிங் பவுடருடன் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைப் பதம் பார்த்துவிடும்.

சீமைக்கருவேலங்கரிக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. ஒரு கிண்ணத்தில் உள்ளே வைக்கலாம், ஆனால் எல்லாம் துடைத்துக் காய்ந்த பிறகு, மிச்ச வாசனைக்கு மட்டும். அடுப்பிலிருந்து எடுத்த அரைகுறைக் கரி வேண்டாம், அதற்கே புகை நாற்றம் இருக்கும். சமையல் சோடா இந்த ஈரக்காற்றில் சீக்கிரமே கட்டிதட்டிவிடும், அடிக்கடி மாற்ற வேண்டும்.

ஃபேன், டிவிக்குள் எதையும் ஸ்பிரே செய்யாதீர்கள்.

நெடி ஏறிய மெத்தை, தலையணையைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். புகை ஸ்பாஞ்சின் உள்வரை போயிருக்கும், உறையை மட்டும் துவைத்துப் பயனில்லை. சோபாவாக இருந்து மரச்சட்டம் உறுதியாக இருந்தால், சட்டத்துக்கு மட்டும் விலை பேசி, ஸ்பாஞ்சையும் துணியையும் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.