வேலூர் வெக்கையிலிருந்து இங்கிலாந்துக் குளிருக்கு வந்தவர்களுக்கு

காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று நம் பழைய வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து நர்சுகளும் மாணவர்களும் இங்கிலாந்துக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். கத்திரி வெயிலுக்கு மொட்டை மாடியில் சுண்ணாம்பு அடித்து, எதிரெதிர் ஜன்னலைத் திறந்து வைத்துப் பழகியவர்கள் நாம். காசு கொடுத்து உண்டாக்கிய சூட்டை வீட்டுக்குள்ளேயே பிடித்து வைப்பது நமக்குப் புது வேலை.

வீடு பார்க்கப் போகும்போதே இ.பி.சி. சான்றிதழைக் கேளுங்கள். வீடு எவ்வளவு எரிபொருள் தின்னும் என்பதை ஏ (மிக நல்லது) முதல் ஜி (மிக மோசம்) வரை தரம் பிரித்துச் சொல்வது அது. 10 ஆண்டுகள் செல்லும். 2020 ஏப்ரல் முதல், விலக்கு பெறாத தனியார் வாடகை வீடுகள் குறைந்தது இ தரத்தில் இருந்தாக வேண்டும். எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். கூரை, சுவர், ஜன்னல் என்று தனித்தனியாக எழுதியிருக்கும். கூரைக்கு அடியில் 270 மில்லிமீட்டர் தடிமனில், சூட்டை வெளியே விடாத கம்பளி போன்ற இன்சுலேஷன் இருந்தால் நல்ல வீடு. வாடகை குறைவு என்று குளிர் இறங்கும் வீட்டைப் பிடித்தால், மிச்சம் பிடித்ததெல்லாம் பில்லில் போய்விடும்.

சாவி வாங்கிய அன்றே மீட்டரைப் போட்டோ எடுத்து கம்பெனிக்கு அனுப்புங்கள். இல்லாவிட்டால் முன்பு இருந்தவர் எரித்ததும் உங்கள் தலையில் விழும். ஊரில்போல் முதல் 100 யூனிட் இலவசம் இங்கே கிடையாது. "பிரைஸ் கேப்" என்றால் மொத்த பில்லுக்கு உச்சவரம்பு என்று பலர் நினைக்கிறார்கள். வரம்பு யூனிட் விலைக்கும் தினக் கட்டணத்துக்கும்தான். எரித்தால் பில் ஏறும். கரண்ட் யூனிட் கேஸ் யூனிட்டைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு விலை. அதனால் கேஸில் தண்ணீரைக் காய்ச்சி வீட்டைச் சூடாக்கும் பாய்லர் இருக்கும் வீட்டில் கரண்ட் ஹீட்டரை நாள் முழுக்க ஓட்டாதீர்கள். வீட்டுச் சூட்டின் அளவை வைக்கும் தெர்மோஸ்டாட்டை 30-க்குத் திருப்பினால் வீடு சீக்கிரம் சூடாகாது. 18 முதல் 21 டிகிரி போதும். வயதானவர் இருந்தால் 18-க்குக் கீழே விடவே வேண்டாம். கைக்குழந்தை தூங்கும் அறைக்கு 16 முதல் 20 டிகிரி சரி.

நம் வீடுகளை அதிகம் படுத்துவது ஈரம்தான். சோறு வடிக்கிறோம், சாம்பார் கொதிக்கிறது, குக்கர் விசில் அடிக்கிறது, குளிர்காலத்தில் துணியும் உள்ளே கொடியில் காய்கிறது. அவ்வளவு நீராவியும் குளிர்ந்த சுவரைத் தேடிப் போய்ப் படியும். பீரோவை வெளிச்சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தால், சில வாரங்களில் அதன் பின்னால் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை பூக்கும். பிள்ளைகளுக்கு வீசிங் இருந்தால் இது பெரிய ஆபத்து. பீரோவை ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். சமைக்கும்போது மூடி போட்டு, சமையலறைக் கதவைச் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள்; அடுப்பை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடட்டும். காலையில் ஜன்னலில் வடியும் தண்ணீரைத் துடைத்துவிடுங்கள்.

வாசல் கதவின் அடியில் காற்று வந்தால் பழைய துணியைச் சுருட்டி வைத்தாலே வித்தியாசம் தெரியும். ஆனால் ஜன்னல் மேலுள்ள சின்னக் காற்றுத் துளைகளையும் சுவரில் காற்றுப் போக வைத்திருக்கும் துளைச் செங்கல்லையும் குளிருக்குப் பயந்து அடைக்கவே கூடாது. ஈரம் வெளியேறும் வழி அதுதான். கேஸ் எரியும் அறையில் அடைத்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு தங்கி உயிருக்கே ஆபத்து. பாய்லரை வருடம் ஒருமுறை பதிவுபெற்ற எஞ்சினியரை வைத்துச் சோதிப்பது ஓனரின் சட்டக் கடமை. அந்தச் சான்றிதழைத் தயங்காமல் கேளுங்கள்.

இதையெல்லாம் செய்தும் பூஞ்சை திரும்பத் திரும்ப வந்தால் கோளாறு வீட்டில் இருக்கலாம். தேதியோடு போட்டோ எடுத்து ஓனருக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள், வாய்ப்பேச்சோடு நிறுத்தாதீர்கள். பதில் வராவிட்டால் உள்ளூர் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவில் புகார் கொடுங்கள்.