பிள்ளையின் பேட்மின்டன் செலவைக் குறைக்க

பேட்மின்டனில் சேர்க்கும்போது எல்லோரும் முதலில் கேட்பது மாதக் கட்டணத்தைத்தான். அதுவாவது தெரிந்த செலவு. பட்ஜெட்டைக் கவிழ்ப்பது ஷட்டிலும் வெளியூர்ப் போட்டியும். என் மகள் மதுரையில் 13 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஆடுகிறாள். வரவுசெலவு நோட்டு என் கையில் இருப்பதால் சொல்கிறேன், சிக்கனத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

ஷட்டிலில் 16 இறகுகள். ஒன்று ஒடிந்தாலே பறக்கும் வாகு மாறிவிடும். அதனால் கற்றுக்கொள்ளத் தொடங்கும் பிள்ளைக்கு நைலான் ஷட்டில் போதும். அதில் தக்கையைச் சுற்றியுள்ள பட்டையின் நிறம் பார்த்து வாங்குங்கள்: பச்சை மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகம். வெயில் ஊரில் ஷட்டில் கூடுதல் தூரம் போகும் என்பதால் நமக்குச் சிவப்பு வேண்டாம்.

இறகு ஷட்டிலுக்கு மாறும் கட்டம் வந்துவிட்டதா? நாலைந்து பெற்றோர் சேர்ந்து பெட்டியாக வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆடுவதற்கு முதல் நாள் இரவு, டப்பாவைத் திறந்து இறகுப் பக்கத்தை மட்டும் கொதிக்கும் நீரின் ஆவியில் சில நொடிகள் காட்டி, மூடி வையுங்கள். காய்ந்த இறகு சட்டென்று ஒடியும். ஈரப்பதம் ஏறினால் கொஞ்சம் தாங்கும். தக்கையில் ஆவி படக் கூடாது. (இட்லிப் பானையை இதற்குத் தர முடியாது என்று என் மாமியார் சொல்லிவிட்டார்.) அடிபட்டவற்றை எறியாதீர்கள். கோச் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் கொடுக்கும் பயிற்சிக்கு அவை தாராளமாக ஆகும்.

அப்புறம் கட்டிங், அதாவது ராக்கெட்டுக்கு நரம்பு கட்டுவது. 0.65 மி.மீ. நரம்பு ‘டப்’பென்று இனிமையாகச் சத்தம் கொடுக்கும், சீக்கிரம் அறுந்தும் போகும். 0.70 மி.மீ. போடச் சொல்லுங்கள், இழுவிசை 20–22 பவுண்டு போதும். பெரிய ஆட்டக்காரர்களைப் பார்த்துப் பிள்ளை 28 கேட்கும், அசையாதீர்கள். ராக்கெட் பழையதாக இருக்கலாம், ஃபிரேமில் விரிசல் இல்லாவிட்டால் சரி. ஷூ மட்டும் புதிது வேண்டும். வளர்கிற கால் என்று பெரிய அளவு வாங்கினால் கணுக்கால் பிசகும்.

போட்டிகளில்தான் வீம்புச் செலவு அதிகம். மாவட்ட அளவில் முதல் சுற்றைத் தாண்டாத பிள்ளையைச் சென்னைக்கும் கோவைக்கும் அழைத்துப் போவதில் அர்த்தமில்லை என்பது என் கட்சி. கோபித்துக்கொள்ளும் பெற்றோர் உண்டு. முதலில் உள்ளூர் வாய்ப்புகளை முடியுங்கள். பள்ளிக்கல்வித் துறையின் குறுவட்டப் போட்டிக்குப் (மாவட்டப் போட்டிக்கு முந்தைய கட்டம்) பெயர் கொடுக்க வேண்டியவர் பி.டி. சார், அவரிடம் ஜூன் மாதமே சொல்லிவையுங்கள். முதலமைச்சர் கோப்பைக்கு இணையத்தில் நாமே பதியலாம். பள்ளிப் பிரிவு 12 வயதிலிருந்து. மாநில அளவில் தனிநபர் பிரிவில் முதலிடம் வந்தால் 1 லட்சம் ரூபாய் பரிசு. வெளியூர் போயே ஆகவேண்டுமென்றால் ஒற்றையர், இரட்டையர் இரண்டிலும் பெயர் கொடுங்கள். இரண்டு வீட்டுப் பிள்ளைகளை ஒரு பெற்றோர் அழைத்துப் போனால் டிக்கெட்டும் லாட்ஜும் மிச்சம்.

தனியார் அகாடமிக்கு முன், அரசுப் பயிற்சி உண்டா என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரியுங்கள். மதுரையில் அது ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். மைதானத்தில் இருக்கிறது. அகாடமிதான் என்றானால், முதல் வருடம் மொத்தக் கட்டணம் கட்டாமல் மாதாமாதம் கட்டுங்கள். முழுப்பரீட்சை மாதம் பாதி நாள்தான் வருவோம், கட்டணத்தில் குறைப்பீர்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். எங்கள் கோச் குறைத்துத்தான் வாங்குகிறார்.